ஆள் வெளியில வந்திட்டான்

பக்கத்து வளவு அக்கா அன்றைக்குச் சங்கக்கடைக்கு வந்தது அரைக் கிலோ சீனிக்கும் ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய்க்கும். நான் சீனி நிறுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் இருந்து இறங்கியவன் உள்ளே வந்து என்னைப் பார்த்து, "அக்கா, ஒரு நெருப்புப்பெட்டி தாங்கோ" என்றான். பக்கத்து வளவு அக்கா திரும்பிப் பார்த்தார். கத்தவில்லை. போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சீனியை மேசையிலேயே விட்டுவிட்டு, பின்னால் அரிசி மூட்டை அடுக்கும் அறைக்குள் போய்விட்டார். அவன் காசைத் தந்துவிட்டுப் போனான். மோட்டார் சைக்கிள் சத்தம் வாய்க்கால் பாலத்தைத் தாண்டிய பிறகும் அவர் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தேன். இரண்டு மூட்டைக்கு நடுவில் நின்று, இடது புருவத்துக்கு மேலே ஏழு தையல் போட்ட இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"ஆள் வெளியில வந்திட்டான், என்ன?" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

அந்தத் தையலுக்குக் காரணமானவன் அவன்தான். பதினொரு கிழமைக்கு முன்னால் நடந்தது. அவன் மறியலில், சிறைக்குள் இருக்கிறான் என்ற நம்பிக்கையில்தான் அக்கா இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கத் தொடங்கியிருந்தார். அவனுக்குப் பிணை கிடைத்து நாலு நாளாகியிருந்தது. பொலிஸ் சொல்லவில்லை. கிராம சேவையாளர் சொல்லவில்லை. ஊருக்குள் அதைத் தெரிந்து வைத்திருந்த பத்துப் பதினைந்து பேரில் ஒருவர்கூட அவருடைய படலைக்குப் போய்ச் சொல்லவில்லை.

எங்கள் ஊர் பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் இருந்து உள்ளே நாலு கிலோமீற்றர். பெயர் வேண்டாம். வளவுக்கு வளவு தூரம், நடுவில் வடலியும் பற்றையும். அது தை மாதம், அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஆம்பிளையள் எல்லாரும் வெட்டு மெசினோடு வயலில். அக்காவின் கணவர் 2009 போரில் போனவர். வீட்டில் அக்காவும் பள்ளிக்கூடம் போகும் மகளும் மட்டும். இரவு எட்டரை மணிக்குப் பின்பக்க வேலியால் வந்தவன், கிணற்றடியில் வைத்து அக்காவின் தலையில் கொட்டனால் அடித்துச் சங்கிலியை அறுத்தான். பிள்ளை பயந்து ஒளிக்கவில்லை. யானை வந்தால் தட்டுவதற்கென்று மாமரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த தகரத்தை எடுத்துத் தட்டத் தொடங்கிவிட்டாள். யானை என்று நினைத்துத்தான் எல்லாரும் டோர்ச்சோடு ஓடி வந்தார்கள். அரை மணித்தியாலத்தில் வயல் வரம்பில் வைத்து ஆளைப் பிடித்தாயிற்று.

பிறகு நடந்ததையும் மறைக்காமல் எழுத வேண்டும். அவனைத் தென்னையில் கட்டி அடித்தார்கள். நானும் அங்கே நின்றேன். அக்காவின் முகம் முழுக்க இரத்தம். அதைப் பார்த்துவிட்டு, "விடாதையுங்கோ, அடியுங்கோ" என்று கத்தியவர்களில் நானும் ஒருத்தி. மண்வெட்டிப் பிடியால் அடித்ததில் அவனுடைய முழங்கை உடைந்தது. ஒரு தம்பி அதைப் போனில் எடுத்து அன்றிரவே பேஸ்புக்கில் போட்டான். "கையை வெட்டுங்கோ", "நடுச் சந்தியில் தூக்குங்கோ" என்று கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் கீழே எழுதினார்கள். விடிய எழும்பி அதை வாசித்தபோது எனக்கு ஒரு திருப்தி இருந்தது. எங்கள் ஊருக்காக உலகம் முழுக்கக் கோபப்படுகிறது என்று நினைத்தேன்.

அந்தக் கோபத்தால் அக்காவுக்குக் கிடைத்தது என்ன? சந்தேகநபர் பொலிஸுக்குப் போக முன்னம் ஆஸ்பத்திரிக்குப் போனான். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையில் அவனுடைய காயங்கள் ஏறின. அந்த வீடியோவை வைத்தே ஊர்ப் பெடியள் இரண்டு பேரைக் கூப்பிட்டு வாக்குமூலம் எடுத்தார்கள். அவனைப் பிடித்ததற்கு முதல் சாட்சியாக இருக்க வேண்டியவர்கள் அந்த இரண்டு பேரும்தான். தங்களுக்கே வழக்கு வரும் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். ஒருவன் கட்டாருக்குப் போய்விட்டான். கண் முன்னால் குற்றம் செய்தவனைப் பொதுமகன் ஒருவர் பிடித்து வைக்க 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டம் இடம் தருகிறது. பிடித்தவரைத் தாமதமில்லாமல் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான். பிடித்த அந்த நிமிடத்தோடு நாங்கள் நிறுத்தியிருந்தால் எங்கள் கையில் இரண்டு நல்ல சாட்சி இருந்திருக்கும்.

அக்காவின் முறைப்பாட்டைப் பதிந்த பொலிஸ் நிலையத்தில் அவர் தமிழில் சொல்லச் சொல்ல, எழுதினது சிங்களத்தில். கடைசியில் சுருக்கமாக வாயால் தமிழில் சொல்லிக் காட்டிக் கையொப்பம் வாங்கினார்கள். தமிழ் நிர்வாக மொழியாக உள்ள மாகாணத்தில், தலையில் கட்டோடு இருந்த ஒரு பெண், தனக்கு வாசிக்கத் தெரியாத கடதாசியில் கையெழுத்து வைத்தார். அவனுக்கு ஏற்கெனவே வேறு பொலிஸ் பிரிவில் இரண்டு வழக்கு இருந்தது. ஒன்று வாள்வெட்டு, மற்றது ஒரு கிழவியின் தோடு அறுத்தது. ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். பொலிஸ் நீதவானுக்கு முன்னால் வைத்த விசாரணை அறிக்கையில் (பி அறிக்கை) அது ஒரு வரிகூட இல்லை. இதெல்லாம் எங்களுக்குப் பிணை கொடுத்த பிறகுதான் தெரிய வந்தது, அதுவும் ஒரு சட்டத்தரணி கோப்பைப் பார்த்துச் சொல்லி.

அந்தச் சட்டத்தரணி ஐயா வேறொன்றும் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து கொப்பியில் எழுதி வைத்தேன். இலங்கையில் 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின்படி பிணை கொடுப்பதுதான் வழமை, மறுப்பது விதிவிலக்கு. கொலை போல மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றமென்றால் மேல் நீதிமன்றம்தான் பிணை கொடுக்கலாம். மற்றவை பெரும்பாலும் நீதவானின் கையில். ஆனால் மறுப்பதற்குரிய காரணங்களையும் அதே சட்டம் சொல்கிறது: ஆள் தவணைக்கு வராமல் விடுவான், சாட்சிகளைக் குழப்புவான், வெளியில் வந்து இன்னொரு குற்றம் செய்வான் என்று நம்ப இடமிருந்தால் மறுக்கலாம். அதோடு, குற்றத்தின் பாரதூரமும் அதற்குப் பொதுமக்கள் காட்டும் எதிர்வினையும் பொது அமைதியின்மைக்கு வழி வைக்கும் என்றால், அதற்காகவும் மறுக்கலாம். நான் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தினேன். எங்கள் எதிர்வினைக்குச் சட்டத்துக்குள்ளேயே ஒரு இடம் இருக்கிறது. நாங்கள் அதைத் தென்னைமரத்தடியிலும் பேஸ்புக்கிலும் செலவழித்துவிட்டு, நீதிமன்றத்தில் பிணை விண்ணப்பம் எடுக்கப்பட்ட அன்றைக்கு ஒருவரும் போகவில்லை. அன்று வயலில் நெல்லுக் காயப் போட்டிருந்தோம்.

பிணைச் சட்டமே பிழை, இவங்களுக்குப் பிணையே இருக்கக்கூடாது என்று எங்கள் பக்கம் பேசுபவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. விளக்கமறியல் என்றால் என்னவென்று எங்களை விட நன்றாகத் தெரிந்த சனம் இந்த நாட்டில் இல்லை. ஒரு தீர்ப்பும் இல்லாமல் வருடக்கணக்கில் உள்ளே கிடந்த பிள்ளைகளுக்காகப் பதாகை பிடித்து வீதியில் நின்றவர்கள் நாங்கள். இன்றைக்கும் இலங்கைச் சிறைகளில் இருப்பவர்களில் பெரும்பகுதி வழக்கு முடியாதவர்கள்தான். அந்தக் கதவு எங்கள் பிள்ளைகளுக்குத் திறந்திருக்க வேண்டும் என்றால், எங்களுக்குப் பிடிக்காத ஒருவனுக்கும் திறந்துதான் இருக்கும். திறக்கும்போது எங்களுக்குச் சொல்ல வேண்டும், அதைத்தான் நான் கேட்கிறேன்.

அதற்கும் சட்டம் இருக்கிறது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிக்க 2015இல் ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2023இல் புதிய சட்டம் வந்தது. பாதிக்கப்பட்டவர் வழக்கின் போக்கை அறியவும், மிரட்டல் இருந்தால் பாதுகாப்புக் கேட்கவும் அது உரிமை தருகிறது. சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம். எங்கள் கிராமத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? மாதர் சங்கக் கூட்டத்தில் கேட்டேன். முப்பத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். ஒரு கைகூட உயரவில்லை.

ஊர் கொதிக்கிறது என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். 2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலை மாணவி ஒருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டபோது வடக்கு முழுக்கக் கடை பூட்டிப் பிள்ளைகள் வீதிக்கு வந்தார்கள். அந்தக் கோபத்தில் பொய் இல்லை. ஆனால் மே 20ஆம் திகதி யாழ்ப்பாண நீதிமன்ற வளாகத்துக்குக் கல்லெறிந்ததில், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். அவர்களைப் பிணையில் எடுக்க அவர்களுடைய தாய்மார் அலைந்தார்கள். வழக்கு முடிந்தது இரண்டு வருடத்துக்குப் பிறகு, 2017 செப்ரெம்பர் 27ஆம் திகதி, மூன்று நீதிபதிகள் முன்னிலையில். ஏழு பேருக்கு மரண தண்டனை. அந்த வழக்கில் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னவர்கள் இருந்தார்கள். கல்லெறிந்த அன்றைக்குக் கூடியவர்களோடு பார்த்தால் அவர்கள் சிலபேர்தான். தீர்ப்பு வந்தது அவர்களால்.

2023 ஜூலையில் வவுனியா தோணிக்கல்லில் பிறந்தநாள் கொண்டாடிய வீட்டுக்குள் முகத்தை மூடிய கும்பல் புகுந்து வெட்டித் தீ வைத்தது, உயிர்கள் போயின. அந்தக் கிழமை எங்கள் பஸ்ஸில் வேறு கதை இல்லை. அதே வருடம் டிசெம்பரில் 'யுக்திய' என்று போதைப்பொருளுக்கு எதிராகப் பொலிஸ் நாடு முழுக்கத் தேடுதல் தொடங்கி, ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள். எங்கள் ஊரிலும் இரண்டு பேர். "இனி நிம்மதி" என்று சொன்னோம். கசிப்புக் காய்ச்சும் இடம் ஒன்று ஒரு மாதம் மூடியிருந்தது. பிறகு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மாறியது.

தூக்குக் கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த நாட்டில் 1976க்குப் பிறகு ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019இல் அப்போதைய சனாதிபதி நாலு பேருக்குக் கையெழுத்து வைத்தார். உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அடுத்த தவணைக்கு அக்காவோடு யார் போவது என்பதற்கு அந்தக் கயிற்றில் பதில் இல்லை.

சரி, இங்கே இன்னொரு பேச்சும் உண்டு. வன்னியில் ஐம்பது வயதைத் தாண்டிய ஆரைக் கேட்டாலும் சொல்வார்கள்: "அவையின்ர காலத்தில இப்பிடி நடந்ததோ? நடுச்சாமத்தில நகையோட நடந்து வரலாம்." புலிகள் இருந்த காலத்தைச் சொல்கிறார்கள். உண்மைதான். சமாதான காலத்தில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு நானும் மாமியும் தங்கச்சியும் போய், விடியப்புறம் மூன்று மணிக்குக் கடற்கரைக் காற்றோடு நடந்து திரும்பினோம். மாமியின் கழுத்தில் ஏழு பவுண் தாலிக்கொடி. ஒருவரும் திரும்பியும் பார்க்கவில்லை. இப்போது அதே பொங்கலில் ஒலிபெருக்கி மணிக்கொரு தரம், நகைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறது. மாமி கவரிங் போட்டுக்கொண்டு போகிறார்.

ஆனால் அந்த இரவுகளை முழுதாக நினைக்க வேண்டும். கள்ளன் பயம் இல்லாத அதே வீட்டில், இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று தங்கச்சியை ஒளித்து வைத்திருந்தோம். தண்டனை உடனே கிடைத்தது. தண்டிக்கப்பட்டவருக்காகப் பேச ஒருவரும் இல்லை. என்னுடைய பிள்ளை அப்படியொரு பயத்தின் காவலில் தூங்க வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். ஏழு பவுணோடு நடந்த அந்த இரவு எனக்குத் திரும்ப வேண்டும், உண்மை. அதை வேறு வழியில்தான் தேட வேண்டியிருக்கிறது.

அவனைப் பற்றியும் எழுதாமல் விட முடியாது. அவனுடைய சின்ன வயதில் இருந்தே எனக்கு அவனைத் தெரியும். போர் முடிந்தபோது எங்களை அடைத்து வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் எங்கள் கூடாரத்துக்கு மூன்றாவது கூடாரம். தகப்பன் முள்ளிவாய்க்காலில் போனவர். மீளக்குடியமர்ந்த பிறகு இரண்டு வருடம் பள்ளிக்கூடம் போனான். பிறகு மணல் டிப்பரில் கிளீனர், அதற்குப் பிறகு கசிப்பு, அதற்குப் பிறகு ஐஸ் போதை. முதல் தரம் மறியலுக்குப் போனபோது வயது பத்தொன்பது, சின்ன அடிதடி. திரும்பி வந்தபோது அவனோடு வேறு ஊர்ப் பெடியள் இரண்டு பேரும் சைலன்சர் கழற்றிய மோட்டார் சைக்கிளும் வந்தன. அதே காலத்தில் அதே கூடாரங்களில் வளர்ந்த எத்தனையோ பிள்ளைகள் ஒருத்தரையும் அடிக்கவில்லை. அக்காவின் பிள்ளைக்கும் தகப்பன் இல்லை. அதனால் அவனுக்காக நான் நியாயம் பேச வரவில்லை. அந்த முதல் அடிதடியை மத்தியஸ்த சபையில் இரண்டு கூட்டத்தில் பேசித் தீர்த்த கையோடு ஊர் அவனைக் கைகழுவியது. அக்காவின் தலையை உடைத்தபோதுதான் மறுபடியும் அவன் பெயரைச் சொன்னோம். இடையில் ஆறு வருடம்.

நெருப்புப்பெட்டி வாங்கிய அந்த நாளுக்குப் பிறகு நாங்கள் செய்தவை பெரிய வேலை இல்லை. சட்டத்தரணி ஐயா மூலம் மற்ற இரண்டு வழக்கின் இலக்கங்களை எடுத்து நீதிமன்றத்தில் ஒப்படைத்தோம். தவணைக்கு அக்கா தனியே போவதில்லை; ஒவ்வொரு தரமும் நாலைந்து பேர் போய்ப் பின் வாங்கில் இருக்கிறோம். ஒரு வார்த்தை பேசுவதில்லை. முதல் நாள் எங்களை யாரென்று விசாரித்தார்கள். இப்போது அந்தப் பொலிஸ்காரர், "அடுத்த தவணை இருபத்திரண்டு, அக்கா" என்று தானாகவே சொல்கிறார். சின்ன விசயம்தான். ஆனால் பின் வாங்கில் ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அக்காவின் கோப்பு ஒரு நாளும் தொலையவில்லை.

மற்றது தகரம். யானைக்கு விடாமல் தட்டுவது. ஆளுக்கென்றால் மூன்று தட்டு, நிறுத்தி மறுபடி மூன்று. பதினாலு வளவில் கட்டியிருக்கிறோம். சத்தம் கேட்டால் முதலில் தன் வளவு லயிற்றைப் போட வேண்டும், பிறகு கத்த வேண்டும், தனியே ஓடக்கூடாது. பொலிஸ் 119க்கு ஒருவர், கிராம சேவையாளருக்கு ஒருவர், காயமென்றால் அம்புலன்ஸ் 1990க்கு ஒருவர் என்று ஆள் பிரித்திருக்கிறோம். அடிக்கக்கூடாது, வீடியோ எடுக்கலாம், ஆனால் பேஸ்புக்கில் போடாமல் பொலிஸில் கொடுக்க வேண்டும். இதற்குக் கூட்டத்தில் பெரிய சண்டை. "அப்ப பிடிச்சுப்போட்டுத் தடவிக் குடுக்கிறதோ?" என்று ஒரு அண்ணை எழும்பிப் போய்விட்டார். அவருடைய மகன்தான் கட்டாருக்குப் போனவன். அவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது.

எங்கள் ஊர்ப் பெண்களில் பலருக்கு அடி வேலி தாண்டி வருவதில்லை, வீட்டுக்குள்தான் இருக்கிறது. அதே ஆள், அதே குடிவெறி, மாதத்தில் நாலு தரம். அவர்களுக்கு 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நேரே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அவனைக் கிட்ட வராமல் தடுக்கலாம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தைச் சங்கக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். முதல் கிழமை யாரோ கிழித்துவிட்டார்கள். இப்போது எண்ணெய் பெயின்ரால் எழுதியிருக்கிறது.

போன ஆவணியில் அவன் அக்காவின் மகளை ரியூசன் விட்டு வரும் வழியில் மறித்து, "அம்மாவுக்குச் சொல்லு, வழக்கை விடச் சொல்லி" என்றான். அன்றே எழுதிக் கொடுத்தோம், இந்தத் தரம் தமிழில். பிணை ரத்தானது. ஐப்பசியில் ஒரு பின்னேரம், மழை இருட்டில், அக்காவின் படலையில் யாரோ நிற்பதாகப் பிள்ளை வந்து என்னைக் கூப்பிட்டாள். போனேன். அவனுடைய அம்மா. எங்கள் கடைக்கு அவர் மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் வருவார், வேறு ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து. குடை இல்லாமல், ஒரு உரப் பையைத் தலையில் போட்டுக்கொண்டு படலைக்கு வெளியில் நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"பிள்ளை, நாளைக்கு அவன்ர விசயம் திரும்பவும் கோட்டில எடுபடுதாம். விடுவினமோ தெரியாது. படலையைப் பூட்டிப்போட்டுப் படு. நான் சொன்னதெண்டு ஒருத்தருக்கும் சொல்லாத."

அக்கா ஒன்றும் பேசாமல் நின்றார். பிறகு உள்ளே போய்க் குடையை எடுத்து வந்து படலைக்கு மேலால் நீட்டினார். அந்த அம்மா வாங்கவில்லை. உரப் பையை இழுத்து விட்டுக்கொண்டு நடந்தார்.

அன்றிரவே ஆள் சேர்த்தோம். காலை ஆறரை பஸ். அக்கா, நான், மாதர் சங்கத் தலைவி, இன்னும் இரண்டு பேர். பஸ் வளைவில் நின்று ஏறினபோது, சாரதிக்குப் பின்னால் முதல் சீற்றில் ஈரம் காயாத அதே சேலையோடு அவர் இருந்தார். மடியில் ஒரு சோற்றுப் பார்சல். அக்கா அவரைத் தாண்டிப் போய்ப் பின்னால் இருந்தார். கிளிநொச்சி வரைக்கும் இரண்டு பேரும் ஒரே பக்க யன்னலால் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.